பெட்டி போட்டவர்களின் கூலி: இரண்டு அரசுத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைச் செயலருக்கும், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலருக்கும்,

போன மாதம் எங்கள் பக்கத்தில் நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குத் தங்கையைக் கூட்டிப்போயிருந்தேன். கல்லூரி மைதானத்தில் ஷாமியானா போட்டு வரிசையாக மேஜைகள். ஏழாவது மேஜைக்குப் பின்னால் நீலத்தில் ஒரு ஃபிளெக்ஸ்: 'ஏஐ டிரெய்னர் ஆகுங்கள்! சொந்த ஊரில் இருந்தே உலகத்தை மாற்றுங்கள்!' இடது மூலையில் கோபுரம் போட்ட அரசு முத்திரை. வலது மூலையில், எனக்கும் என்னோடு வேலை பார்த்த 42 பேருக்கும் இன்றுவரை கூலி பாக்கி வைத்திருக்கிற நிறுவனத்தின் சின்னம். அதற்குள் தங்கை விண்ணப்பத்தில் பாதியை நிரப்பியிருந்தாள்.

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த மடலை அதன் பின்பக்கத்தில்தான் எழுதத் தொடங்கினேன்.

நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தம் என்று ஒன்பது இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதன் நகல்கூட எங்களிடம் இல்லை. தவிர, பெயர் சொன்னால் இது ஒரு கம்பெனியின் தகராறாகச் சுருங்கிவிடும். நான் எழுதுவது உங்கள் இரண்டு துறைகளுக்கும் நடுவே யாரும் எடுக்காமல் கிடக்கிற ஒரு வேலையைப் பற்றி.

அதை அனோட்டேஷன் என்பார்கள். தரவுக்குப் பெயரிடும் வேலை. எங்கள் சென்டரில் 'பெட்டி போடறது' என்றே சொல்வோம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் காரின் முன்னால் இருக்கும் கேமரா எடுத்த காட்சி, ஒவ்வொரு படமாகத் திரையில் வரும். படத்தில் இருக்கும் ஒவ்வொரு காருக்கும் மனிதருக்கும் சைக்கிளுக்கும் சிக்னலுக்கும் சுற்றி ஒரு கட்டம் இழுத்து, அது என்ன என்று பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மரத்துக்குப் பின்னால் நிற்பவரின் முழங்கை மட்டும் தெரிந்தாலும் பெட்டி உண்டு. எத்தனை சதவீதம் மறைந்திருக்கிறார் என்றும் குறிக்க வேண்டும். கடைக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்குப் பெட்டி கிடையாது. பனி விழுந்த சாலையில் கோடு எங்கே ஓடுகிறது என்று, பனியையே பார்க்காத நாங்கள் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் உட்கார்ந்து யூகித்திருக்கிறோம். முகூர்த்த நாளில் கீழே நாதஸ்வரம் வாசிப்பார்கள். மேலே நாங்கள் எங்கோ ஒரு ஊரில் ரோட்டைக் கடக்கும் மானைத் தேடிக்கொண்டிருப்போம்.

தானாக ஓடும் கார் என்று நீங்கள் செய்தியில் பார்ப்பதற்கு மனிதனை மனிதன் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். இதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இது புதிதும் இல்லை. கணினிக்குப் பார்வை வந்த கதையை இமேஜ்நெட்டில் தொடங்கிச் சொல்வார்கள். 2009 இல் வெளியான படத் தொகுப்பு அது. வளர்ந்து 1 கோடியே 40 லட்சம் படங்களை எட்டியது. அதற்குப் பெயரிட்டவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர். வேலை வாங்கப்பட்டது அமேசானின் மெக்கானிக்கல் டர்க் என்ற தளத்தின் வழியாக. அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. 1770 இல் வியன்னா அரண்மனையில் கெம்பெலன் என்பவர் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்டினார். ஐரோப்பாவே வாய்பிளந்து பார்த்தது. பெட்டிக்குள் ஓர் ஆள் குறுகி உட்கார்ந்து காய் நகர்த்திக்கொண்டிருந்தார். 2005 இல் தளத்தைத் தொடங்கிய அமேசான் அந்த மோசடி பொம்மையின் பெயரையே அதற்கு வைத்து, 'செயற்கையான செயற்கை நுண்ணறிவு' என்று விளம்பரமும் செய்தது. ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்புறம் யாரும் அவ்வளவு வெளிப்படையாகப் பேசவில்லை. பொருளை எடுத்துக்கொண்டு கல்லாவில் நிற்காமல் வெளியே போகலாம் என்று அதே அமேசான் கடைகள் திறந்தது. இந்தியாவில் ஏறத்தாழ 1,000 பேர் காட்சிகளைச் சரிபார்க்கிறார்கள் என்று 2024 இல் செய்தி வந்தபோது அப்படிச் சொல்வது சரியில்லை என்று மறுத்தது. ஆனால் தரவுக்குப் பெயரிடவும், கொஞ்சம் கொள்முதல்களைச் சரிபார்க்கவும் ஆட்கள் இருப்பதை ஒப்புக்கொண்டது. சாட்ஜிபிடி வெளியாகி இரண்டு மாதத்துக்குள், 2023 ஜனவரியில், அதைப் பாதுகாப்பானதாக்க மிக மோசமான எழுத்துகளைப் படித்துப் பிரித்த கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே கிடைத்தது என்று டைம் பத்திரிகை எழுதியது.

உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாதது எங்கள் கூலி எப்படிக் குறைந்தது என்பதாக இருக்கலாம்.

நான் சேர்ந்தபோது மாதச் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் இருந்தன. ஒரு வருஷத்தில் எல்லோரையும் 'ஃப்ரீலான்ஸ் பார்ட்னர்' ஆக்கினார்கள். அதே நாற்காலி, அதே கணினி, அதே ஒன்பது மணி கைரேகை வருகைப்பதிவு. சம்பளம் மட்டும் பெட்டிக்கு 60 பைசா. கை பழகியவர்கள் நாளைக்கு 900 பெட்டி போடுவோம், 540 ரூபாய். சமாளித்தோம்.

பிறகு 'ஆட்டோ லேபிள்' வந்தது. எங்கள் பெட்டிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மென்பொருள், அதாவது நாங்கள் பழக்கிய மாடலே, இப்போது முதல் சுற்றுப் பெட்டிகளைப் போட்டுவிடும். நாங்கள் திருத்தினால் போதும். இனி வேலை சுலபம், ஆகவே திருத்திய பெட்டிக்கு 15 பைசா என்றார்கள். திருத்தத் தேவையில்லாத பெட்டிக்கு ஒன்றும் கிடையாது.

ஒரு படத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அன்று இரவு நான் அதை நோட்டில் எழுதிவைத்தேன். நாற்சந்தி, மழை, மாலை நேரம். மாடல் 64 பெட்டி போட்டிருந்தது. பேருந்தின் பக்கவாட்டில் ஒட்டிய விளம்பரத்தில் சிரிக்கும் பெண்ணை நடைபாதையில் போகிறவள் என்று குறித்திருந்தது. குடைக்குள் இருந்த இரண்டு பேரை ஒருவராக்கியிருந்தது. ஈரத் தரையில் தெரிந்த விளக்கொளியைக் கார் என்றது. சக்கர நாற்காலியில் இருந்தவரை சைக்கிள் என்றது. மொத்தம் 11 தப்பு. அந்தப் 11 ஐக் கண்டுபிடிக்க 64 ஐயும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நாலு நிமிஷம் ஆயிற்று. கிடைத்தது 1 ரூபாய் 65 பைசா. அந்த மாதம் எந்த நாளும் 200 ரூபாயைத் தாண்டவில்லை.

அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் 30 வருஷம் ஆசாரி. இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏன் சாமி, பட்டறைல புதுசா பாடி கட்டறத விட, எவனோ கோணலாக் கட்டுனதப் பிரிச்சுச் சரி பண்றதுக்குத்தான கூலி சாஸ்தி? உங்க ஊட்டு நாயம் தலைகீழா இருக்குது" என்றார். இந்தக் கேள்விக்கு எங்கள் டீம் லீடரிடம் பதில் இல்லை. 'கிளையன்ட் சைடு டிசிஷன்' என்றார்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் வேறு இடத்தில் இருக்கிறது. மெஷின் எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்கிற பேச்சு பங்குச் சந்தைக்காக மட்டும் பேசப்படுவதில்லை. அதே பேச்சைக் காட்டித்தான் 60 பைசாவை 15 பைசா ஆக்க முடிகிறது. மெஷின் செய்யாமல் விட்ட மிச்சத்துக்குத்தான் உனக்குக் காசு என்று சொல்லலாம். மிச்சம் எவ்வளவு என்று அளப்பவரும் முதலாளியே. இந்தப் பேச்சை முதலாளி பேசுவது எனக்குப் புரிகிறது. அரசு அதே வாசகத்தைத் தன் முத்திரைக்குக் கீழே அச்சடித்துத் தருவதுதான் புரியவில்லை.

கூலி வெட்டு இதோடு நிற்கவில்லை. 500 படம் ஒரு பேட்ச். அதில் 25 படத்தை கியூசி, அதாவது தரச் சோதனை, பார்ப்பார்கள். 98 சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்ச் முழுக்கத் திரும்பி வரும். இன்னொரு முறை விழுந்தால் 500 படத்துக்கும் கூலி பூஜ்யம். எந்தப் படத்தில் என்ன தப்பு என்று காட்ட மாட்டார்கள். வேலை வாங்கும் விதிமுறைப் புத்தகம் வாரத்துக்கு ஒரு தரம் மாறும். திங்கட்கிழமை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறவர் 'பாதசாரி'. வியாழக்கிழமை 'வாகன ஓட்டி'. செவ்வாய்க்கிழமை போட்டதெல்லாம் வியாழன் விதிப்படித் தப்பு.

என் பக்கத்து சீட்டில் ஆலங்குளம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். ஒரு பேட்ச் பூஜ்யமான அன்று அவள், "எங்கம்மாவுக்குக் கடையில சரியில்லன்னு பீடிய ஒதுக்குவாங்க. அதுக்காவது சட்டம்னு ஒண்ணு உண்டு. நமக்கு என்ன உண்டு?" என்றாள். அவள் சொன்னது உண்மைதானா என்று தேடிப் படித்தேன். 1966 ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து துண்டுக் கணக்கில் சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்றே ஏற்றது. பீடியை ஒதுக்குவது பற்றியும், ஒதுக்கிய பீடிக்கான கூலி பற்றியும் தகராறு வந்தால் மாநில அரசு குறிக்கும் அதிகாரி சுருக்கமாக விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று அதன் 39 ஆவது பிரிவில் இருந்தது. தரம் என்ற பெயரில் கூலியை விழுங்குவார்கள் என்பது கணினி வருவதற்கு முன்பே நாடாளுமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது! (அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. அது தனிச் சோகம்.) ஒதுக்கிய பீடியையும் ஏஜென்ட் விற்றுக் காசாக்குவார் என்பது பீடி ஊர்களின் பழைய புகார். நாங்கள் போட்டு ஒதுக்கப்பட்ட பெட்டிகளை எந்த மாடல் தின்றது என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மாதம் எங்கள் ஹாலின் ஒரு மூலையில் திரை போட்டு மறைத்து, எட்டுப் பேரை 'சென்சிட்டிவ் கியூ' என்ற வேலைக்கு உட்கார வைத்தார்கள். வலைத்தளத்தில் பயனர்கள் ஏற்றிய வன்முறைக் காட்சிகளை வகை பிரிக்கும் வேலை. அதில் ஒரு தங்கச்சிக்கு 21 வயது. மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், சாப்பிட மாட்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து. அவளுக்கு ஏதோ பேய் பிடித்துவிட்டது என்று வீட்டில் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மனநல ஆலோசகர்கூட அந்த மாடிப்படி ஏறியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6.40 க்கு வாட்ஸ்அப் குழுவில், 'ப்ராஜெக்ட் ராம்ப் டவுன். திங்கள் முதல் வர வேண்டாம். நன்றி பார்ட்னர்ஸ்' என்று ஒரு வரியும் கும்பிடும் கையும் வந்தன. முடிந்தது. கடைசி இரண்டு பேட்ச் 'ஹோல்டில்' இருப்பதாகச் சொல்லப்பட்டது. 43 பேர். தலைக்கு 3,000 முதல் 7,000 ரூபாய் வரை. பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். அதில் ஒருத்திக்கு அது மகளுடைய பள்ளிக் கட்டணம்.

ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனோம். மேஜையில் இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "அப்பாயின்ட்மென்ட் லெட்டர் இருக்குதாம்மா?" இல்லை. "சம்பளச் சீட்டு?" இல்லை, ஆப்பில் வாலட் இருந்தது, அதை மூடிவிட்டார்கள். "முதலாளி யாரு?" கார் கம்பெனி வெளிநாட்டில், அதனிடம் வேலை எடுத்தது இன்னொரு வெளிநாட்டுக் கம்பெனி, அதனிடம் எடுத்தது வெளி மாநிலத்தில் ஒன்று, அதன் துணை ஒப்பந்தக்காரர் எங்கள் மண்டப மாடி. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது ஐடி-ல வருமா லேபர்ல வருமான்னே எனக்குத் தெரியலையே" என்றார். உங்கள் இருவருக்கும் சேர்த்து நான் எழுதுவதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

'வேலையே இல்லாத ஊருக்கு இதாவது வந்ததே' என்பார்கள். என் சித்தப்பாவே சொல்கிறார். வந்தது நல்லதுதான். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று நீங்கள் சிறிய டைடல் பூங்காக்களைக் கொண்டுபோனதை நான் குறை சொல்லவில்லை. பெங்களூருக்கு பஸ் ஏறாமல் படித்த பெண் சம்பாதிப்பது இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த வேலை இங்கே வந்ததற்கு எங்கள் திறமை மட்டும் காரணம் இல்லை. சிறிய ஊர், முதல் தலைமுறைப் பட்டதாரி, வெளியே போக முடியாத மருமகள், கேட்க ஆள் இல்லாத கூலி. இந்தக் கணக்கும் சேர்ந்துதான் வந்தது. ஐடி நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் 2021 இல் வெளியிட்ட கணிப்பு, இந்தியாவில் அப்போது 70,000 பேர் இந்த வேலையில் இருந்ததாகவும் 2030 க்குள் அது 10 லட்சம் ஆகலாம் என்றும் சொன்னது. தரவுக்குப் பெயரிட ஆள் பிடித்துக்கொடுத்தே வளர்ந்த ஸ்கேல் ஏஐ நிறுவனத்தில் 49 சதவீதத்தை 2025 ஜூனில் மெட்டா 1,430 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நம் கணக்கில் ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி ரூபாய். காசு இல்லாத தொழில் என்று யாரும் சொல்ல முடியாது. காசு மேலே ஏறுகிறது, 15 பைசா கீழே நிற்கிறது.

மத்திய அரசு 2024 இல் இந்தியா ஏஐ திட்டத்துக்கு 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2020 இல், பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை வெளியிட்டது. நல்ல கொள்கை, படித்தேன். அரசு ஓர் ஏஐ கருவியை வாங்குமுன் பன்மை, சமத்துவம், அறம், தனியுரிமை என்று வரிசையாக மதிப்பெண் போட வேண்டும் என்கிறது. அந்தத் தலைப்புகளில் கூலி என்று ஒன்று இல்லை.

கேட்டால் செய்ய முடியாத அரசு இல்லை இது. ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016 இல் தெளிவுபடுத்தியது இதே தொழிலாளர் துறைதான். இணையத் தளங்கள் வழியாக வேலை செய்வோருக்கு 2023 இல் நலவாரியம் அமைத்ததும் இதே துறைதான்.

ஆகவே கேட்கிறேன்.

முதலில், எங்கள் வேலைக்கு அரசுக் கோப்பில் ஒரு பெயர் வேண்டும். தரவுக்குப் பெயரிடுவோர், படம், பேச்சு, எழுத்து சரிபார்ப்போர், வன்முறைக் காட்சி பிரிப்போர் ஆகியோரை அந்த நலவாரியத்தின் பதிவுப் பட்டியலில் சேர்த்து அரசாணை வெளியிடுங்கள். ஒன்பது மணிக்குக் கைரேகை வைத்து இன்னொருவர் கணினியில் வேலை செய்கிறவரைப் 'பார்ட்னர்' என்று எழுதினாலும் அவர் தொழிலாளிதான் என்று மாவட்ட அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

துண்டுக் கூலிக்கு ஒரு தரை வேண்டும். திருத்திய பெட்டியை எண்ணாமல், திரைக்கு முன்னால் இருந்த மணியை எண்ணிக் குறைந்தபட்சக் கூலி கணக்கிடப்பட வேண்டும். அதைக் குறிக்கிற மென்பொருள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் கழிப்பறைக்குப் போன நிமிஷம்கூட அதில் பதிவாகும்.

ஒரு பேட்சை ஒதுக்கினால் எந்தப் படத்தில் என்ன தப்பு என்று எழுத்தில் காட்ட வேண்டும். ஒதுக்கிய வேலைக்குக் கூலி தரவில்லையென்றால் அதைப் பயன்படுத்தவும் கூடாது. தகராறு வந்தால் 1966 இல் பீடிக்கு வைத்ததைப் போல, சுருக்கமாக விசாரித்துத் தீர்க்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அதிகாரியைக் குறியுங்கள். கர்நாடகம் 2025 இல் கொண்டுவந்த சட்டத்தில் வேலையிலிருந்து நீக்க 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் கட்டாயம். கும்பிடும் கைக்குப் பதிலாக அது எங்களுக்கும் வேண்டும்.

ஒப்பந்தச் சங்கிலியில் கீழே இருப்பவர் கூலி தராவிட்டால் மேலே இருப்பவர் தர வேண்டும் என்பது 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த நியாயம். வெளிநாட்டுக் கார் கம்பெனி உங்கள் கைக்கு எட்டாது. இந்தியாவில் பதிவான நிறுவனங்கள் எட்டும். அவர்களைப் பொறுப்பாக்குங்கள்.

வன்முறைக் காட்சி பார்க்கும் வேலைக்கு நேர வரம்பும் நிறுவனச் செலவில் மனநல ஆலோசனையும் கட்டாயமாக்குங்கள். என்ன வேலை என்று சேரும் முன்பே வாயால் சொல்லாமல் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவரிடமும் தொழிலாளர் அலுவலரிடமும் பேசுவதைத் தடுக்கும் எந்த ரகசிய ஒப்பந்தமும் செல்லாது என்று அறிவியுங்கள்.

தகவல் தொழில்நுட்பத் துறைக்குத் தனியாக ஒன்று: அரசு வாங்கும் ஒவ்வொரு ஏஐ கருவிக்கும் அதன் தரவுக்குப் பெயரிட்டது யார், எங்கே, என்ன கூலிக்கு என்ற விவரத்தை டெண்டரிலேயே கேளுங்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலில் அந்தத் தலைப்பைச் சேருங்கள். வேலைவாய்ப்பு முகாமில் மேஜை கேட்கிற நிறுவனத்துக்குக் கூலி பாக்கி இருக்கிறதா என்று பக்கத்துத் துறையை ஒரு தடவை கேட்டுவிட்டு முத்திரையைக் கொடுங்கள்.

கடைசியாக, அந்த 43 பேரின் இரண்டு பேட்ச். பெயர், தேதி, படங்களின் எண்ணிக்கை எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. எந்த அலுவலகத்துக்கு, எந்தக் கிழமை கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் 'பார்ட்னர்',
நாமக்கல் மாவட்டம்